உண்மை விளம்பியின் கடைசி வார்த்தை

“இன்னிக்கும் தூக்கிட்டான்” என்றபடி சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார் மாமனார்.

எதை என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். பத்திரிகையின் இணையதளத்தில் அரசியல் செய்திகளுக்குக் கீழே ‘மக்கள் மேடை’ என்று ஒன்று இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாமாம். இவர் வாரம் முழுக்க எழுதியும் ஒன்றுகூட நிற்கவில்லையாம். அங்கே உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன் வந்ததும் வராததுமாகத் தூக்கிவிடுகிறானாம்.

“என்ன பேர்ல மாமா எழுதறீங்க?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“உண்மை விளம்பி.”

மாப்பிள்ளை குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அந்த எவனோ ஒருவன் அவர்தான். அன்று மத்தியானம்கூட உண்மை விளம்பியைத் தன் கையாலேயே தூக்கியிருந்தார்.

“உங்க பத்திரிகைதானே மாப்பிள்ளை? அந்த ஆள் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. நேர்ல வந்து நாலு வார்த்தை கேக்கணும்.”

“விசாரிக்கறேன் மாமா” என்றார் மாப்பிள்ளை. வேறு என்ன சொல்ல முடியும்?

பெண் பார்க்க வந்தபோது, பையன் பத்திரிகையில் அரசியல் பிரிவில் இருக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். அது பொய் இல்லை. அரசியல் பிரிவில்தான் நாற்காலி. ஆனால் இன்றுவரை அவர் அரசியல் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மக்கள் மேடைக்கு வருகிற கருத்துகளைப் படித்து, நல்லதாக இருந்தால் பச்சைப் பொத்தான், கெட்ட வார்த்தை இருந்தால் சிவப்புப் பொத்தான். நடுவே ஒரு எழுத்தைக்கூட வெட்டக் கூடாது. மக்கள் சொன்னதில் கை வைப்பது பத்திரிகை தர்மம் இல்லை என்பது ஆசிரியரின் கட்டளை. இந்த விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்திருந்தாள். மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் மாப்பிள்ளை அரசியல் விமர்சகர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போதாததற்கு இவர் வீட்டோடு மாப்பிள்ளை வேறு.

மாமனார் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. நகரமன்றத் தலைவர் நாற்சந்தியில் வண்ண விளக்குகளோடு ஒரு நீரூற்று வைக்கப்போகிறார். குழாயில் தண்ணீர் வராத ஊரில் சந்தியில் தண்ணீர் ஆடுவது எதற்கு என்பது மாமனாரின் கேள்வி. தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்கத்தானே செய்வார். ‘மாண்புமிகு’ என்று தொடங்கி, பத்தி பத்தியாகப் பணிவாகப் போய், கடைசியில் மட்டும் தலைவரை ஒரு வார்த்தையால் அழைத்திருந்தார். அந்த வார்த்தையை இங்கே எழுதினால் இந்தக் கதையையும் யாராவது தூக்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு அதுதான் புரியவில்லை. மாமனார் தெருநாயைக்கூட “போங்க, போங்க” என்று விரட்டுகிறவர். கோபத்தின் உச்சியில் அவர் வாயிலிருந்து வருவது “அடாடா”. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று மாப்பிள்ளை தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் பக்குவமாகப் பேச்சைத் தொடங்கினார்.

“விசாரிச்சேன் மாமா. கடைசியில கொஞ்சம் மரியாதையா முடிச்சா போட்டுடுவாங்களாம்.”

மாமனார் அப்போது ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கைப்பேசியின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து மாமியார் ஒற்றை விரலால் தட்டுவார். முடிந்ததும் “அவ்ளோதானா?” என்று கேட்டு அனுப்புவார். அந்த வீட்டு அரசியலில் மாமியாரின் பங்கு அவ்வளவுதான்.

மாமனார் நடை நின்றது.

“சர்வீஸ் முழுக்க ஒருத்தரையும் நான் மரியாதை தப்பிப் பேசினதில்ல. எனக்கு மரியாதை சொல்லித் தர்றானா அவன்? இது சாக்கு, மாப்பிள்ளை. மேலேருந்து உத்தரவு வந்திருக்கு.”

மறுநாள் காலை பூங்காவில் நடக்கிற ஓய்வுக்காரர்களிடம் விஷயம் போயிற்று. காலை நடை முடிந்து அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. மத்தியானத்துக்குள் மக்கள் மேடையில் ‘உண்மை விளம்பி எங்கே?’, ‘நீக்கியவன் யார்?’, ‘அவனுக்குக் கூலி கொடுப்பது யார்?’ என்று வந்து குவிந்தன. எதிலும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தன்னைக் கேட்ட கேள்விகளையெல்லாம் மாப்பிள்ளை தானே பச்சைப் பொத்தானை அழுத்தி வெளியிட வேண்டியிருந்தது.

அரசியல் நிருபருக்குக் கொண்டாட்டம். மக்கள் மேடை வந்த பிறகு நகரமன்றக் கூட்டத்துக்குப் போகிற வழக்கத்தையே அவர் விட்டிருந்தார். மேடையில் என்ன வருகிறதோ அதை மறுநாள் செய்தியாக்குவார். தலைவர் அந்தச் செய்தியைப் பார்த்து முடிவெடுப்பார். அந்த முடிவைப் பற்றி மக்கள் மேடையில் எழுதுவார்கள். இதற்குத்தான் மக்கள் பங்கேற்பு என்று பெயர். ‘மக்கள் மேடையில் கொந்தளிப்பு’ என்று மறுநாள் முதல் பக்கத்தில் போட்டார்.

மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்தது வந்தால் அப்படியே போட்டுவிடுவது. மூன்று பத்தி தாண்டிக் கடைசி வார்த்தைவரை படிக்கிறவன் உலகத்தில் யார்? இந்த உத்தியோகத்தில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். உண்மை விளம்பி வந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

நகரமன்றத் தலைவருக்கோ எதையும் கடைசியிலிருந்து படிக்கிற பழக்கம்.

ஆசிரியரின் தொலைபேசி கொதித்தது. மாப்பிள்ளை ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அதற்குள் போட்டிக்கு இருந்த ஒரு இணையச் சேனல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டது. அந்த வார்த்தையை மட்டும் மங்கலாக்கி, ‘வெளியிட்டார்கள், மிரட்டல் வந்தது, நீக்கினார்கள்’ என்று பரப்பியது. சாயங்காலம் பூங்காவில் மாமனாரைத் தேடிக் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே மைக்கை நீட்டியது.

அப்படி ஒரு வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்றார் மாமனார். என்ன வார்த்தை என்று நண்பர்களைக் கேட்டார். அவர்களும் மரியாதைப்பட்டவர்கள், செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்து, அனுப்பியதை மாமியாரிடம் முழுக்கப் படிக்கச் சொன்னார். மாமியார் படித்துக் காட்டியதில் அப்படி எந்த வார்த்தையும் இல்லை.

“பார்த்தீங்களா மாப்பிள்ளை? என் பேச்சு எடுபடக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்லயே யாரோ சேர்த்திருக்கான்.”

குடிமகனின் கருத்தில் பத்திரிகையே கெட்ட வார்த்தையைச் சேர்த்தது என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. அந்தச் சேனல் தினமும் சாயங்காலம் ‘ஜனநாயகம் ஆபத்தில்’ என்று ஒரு நிகழ்ச்சியே தொடங்கிவிட்டது. அதில் மாமனார் நிரந்தர விருந்தினர். பயந்துபோன நகரமன்றத் தலைவர், மக்கள் குரலுக்குத் தலைவணங்கி நீரூற்றுத் திட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தார். நகரமன்றத்தில் எதிர்க்கட்சி வருஷக்கணக்கில் கத்தியும் ஒரு திட்டம் நின்றதில்லை. யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு வார்த்தை நிறுத்திவிட்டது.

பத்திரிகையின் மானத்தைக் காப்பாற்ற மாப்பிள்ளை தானே முன்வந்தார். நாம் எதையும் சேர்க்கவில்லை, பதிவுகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆசிரியரிடம் தைரியமாகச் சொன்னார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது இப்படித்தான். மக்கள் மேடையில் புனைபெயரில் எழுதலாம், ஆனால் பதியும்போது வீட்டு முகவரி தர வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கணினிப் பிரிவுக்காரர் முகவரியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் அதைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இது உன் வீடு இல்ல?”

“ஆமா சார்.”

“எழுதறதும் நீ, தூக்கறதும் நீயா?”

“இல்ல சார். உண்மை விளம்பி என் மாமனார்.”

“அவர் அந்த வார்த்தையைச் சொல்லலைன்னு தினமும் சேனல்ல சத்தியம் பண்றார். ஆனா உன் வீட்டுலேருந்துதான் வந்திருக்கு. அப்ப வேற யாரு?”

மாப்பிள்ளையே ஆசிரியராக இருந்தால் அவரும் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்.

“அந்த வார்த்தையை எழுதினவங்க நாளைக்குக் காலையில என் எதிர்ல வந்து ஒத்துக்கணும். இல்லன்னா நீ வர வேண்டாம்” என்றார் ஆசிரியர்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதற்குக் கொஞ்சம் மனதைப் பழக்கிக்கொண்டால் போதும். வேலையில்லாத வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க எந்த மனதும் பழகாது. அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க அவருக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். மாமனார் காலில் விழுந்தாவது ஒத்துக்கொள்ளச் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு வாசற்படி ஏறினார்.

ஹாலில் காமிரா இருந்தது. இரண்டு விளக்கு, பூங்கா நண்பர்கள், மைக் பிடித்த பெண். எல்லோருக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள் மனைவி. நடுவில் சவரம் செய்த முகத்தோடு மாமனார். இவரைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“இவர்தான் என் மாப்பிள்ளை. அந்தப் பத்திரிகைக்குள்ளேயே இருந்துகிட்டு எனக்காகப் போராடிட்டிருக்கார்.”

மைக் பிடித்த பெண், இது நேரலை என்று ஞாபகப்படுத்தினாள். மாப்பிள்ளை காமிராவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் நழுவினார்.

அங்கே மாமியார் மட்டும் இருந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துணியால் ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்து, அலமாரியில் தனக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் எதுவோ மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலின் சத்தம் அங்கே பாதிதான் வந்தது. மாப்பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“வேலை போச்சா?” என்றார் மாமியார், திரும்பாமலே.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நாளைக்குப் போயிடும் அத்தை. உங்களுக்கு எப்படி…”

“கெட்ட வார்த்தை இருந்தா தூக்கறதுதான் உங்க வேலைன்னு கல்யாணம் ஆன மாசமே என் பொண்ணு சொல்லிட்டா.”

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், முகவரி, ஆசிரியர் வைத்த கெடு, எல்லாம். அந்த வார்த்தையை எழுதியவர் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

மாமியார் கையிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

“காலையில நான் வர்றேன். உங்க ஆசிரியர்கிட்ட நானே சொல்றேன். இவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

“நீங்களா? என்ன சொல்லுவீங்க அத்தை?”

“அவர் சொன்னதையெல்லாம் அப்படியேதான் தட்டினேன். கடைசி வார்த்தை மட்டும் என்னுது.”

அந்த வார்த்தையையும், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவையும் சேர்த்து நினைக்க மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஏன் அத்தை? அந்தத் தலைவர் மேல உங்களுக்கு அவ்வளவு கோபமா?”

“அவர் யாருன்னே எனக்குத் தெரியாது” என்றார் மாமியார். ஹாலில் கைதட்டல் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரிட்டயர் ஆன நாள்லேருந்து உங்க மாமா இந்த அடுப்படியில நின்னு ஒவ்வொரு டப்பாவுக்கும் கருத்து சொல்லிட்டிருந்தார் மாப்பிள்ளை, நீங்க தூக்க ஆரம்பிச்ச பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கறதில்ல, அதனால ஜனநாயகம் இன்னும் கொஞ்ச நாள் ஆபத்துலயே இருக்கட்டும்.”