ஏழாம் பாகத்துக்கு ஒரு ராணி

உலகில் நீதி எங்காவது மிச்சமிருக்கிறது என்றால், அது எங்கள் பதிப்பகத்தின் மாயக்கதைப் பிரிவில்தான். மற்ற தகப்பன்கள் பிள்ளைக்கு அநியாயம் செய்ய நினைத்தால் உடனே செய்துவிடுகிறார்கள். எங்கள் முதலாளி அப்படி அல்ல. முதலில் அதை நாவலாக அச்சிட்டு, வாசகர்களின் 'கருத்தறிந்து', அதன் பிறகே செய்வார்.

"ஏழாம் பாகத்துல ராஜா மூத்தவனை விட்டுட்டு இளையவனுக்கு முடிசூட்டணும்," என்றார் என்னிடம். "ஜனங்க ஏத்துக்கிட்டா, வெற்றி விழா மேடையிலேயே நம்ம சின்னவனுக்கு என் நாற்காலியைக் கொடுத்துடலாம்."

ஆறு பாகங்களாகப் பறக்கும் பாம்புகளோடு போராடி நாட்டைக் காத்தவன் மூத்த இளவரசன். இளையவன் தூக்கத்தோடு மட்டுமே போராடியவன், அதிலும் தோற்றவன். எனவே தகுந்த காரணம் கண்டுபிடிக்க ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதலாளி, அவருடைய இரு மகன்கள், எழுத்தாளர் என்ற முறையில் நான். மீசை அரும்பிய நாள்முதல் அச்சுப் பிழை திருத்திவரும் மூத்த மகன், சிவப்புப் பேனாவோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"மூத்தவன் மூஞ்சி சரியில்லைன்னு போடுங்க மேடம்," என்றார் இளையவர்.

"நாலாம் பாகத்துல அவன் பேரழகன்," என்றார் மூத்தவர், தலை நிமிராமல்.

"அப்போ இளைய ராணி ஒருத்தியைக் கொண்டு வாங்க," என்றார் முதலாளி. "அவ மருந்து வச்சு மயக்கிட்டா. ராஜா பாவம், என்ன பண்ணுவார்?"

மாயக்கதையின் மகத்துவமே இதுதான். அரசரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கும் சிரமம் இல்லை. கதவருகே ஒரு பெண்ணை நிறுத்தினால் போதும்.

மூத்தவர் பேனாவை மூடினார். "ராணி வேண்டாம்ப்பா. ராஜாவே சொல்லட்டும். மூத்தவன் என்ன தப்பு பண்ணினான்?"

"என் முன்னுரையில எத்தனை தப்பு கண்டுபிடிச்சே?"

"பதினொண்ணு."

"உன் தம்பியைக் கேளு."

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததுப்பா!" என்றார் இளையவர்.

"படிச்சியாடா?"

"பிடிக்கிறதுக்கு எதுக்குண்ணா படிக்கணும்?"

முதலாளியின் கண்கள் பனித்தன. இளைய ராணி 'ஏகமனதாக' நிறைவேறினாள். நானும் கை தூக்கினேன்.

ஏழாம் பாகம் அமோக வெற்றி. வாசகர்கள் ராணியைச் சபித்தார்கள், ராஜாவுக்காக உருகினார்கள். வெற்றி விழா மேடையில் நாற்காலி கைமாறியது. மூத்தவர் கீழே நின்று மரியாதையாகக் கைதட்டினார்.

முன்வரிசையில் முதலாளியம்மா. இரண்டு பிள்ளைகளையும் பெற்ற ஒரே தாய். பெரியவனுக்காகக் கணவரிடம் ஒரு வாரம் மன்றாடித் தொண்டை கட்டிப்போயிருந்ததால், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் இருந்த வாசகி, மடியில் ஏழாம் பாகத்தோடு, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பாரேன், என்னமா நடிக்கிறா! மூத்த பிள்ளையை ஒதுக்க வச்சதே இவளாத்தான் இருக்கும். அந்த மனுஷன் முகத்தைப் பாத்தா அப்படிச் செய்யற ஆளாவா தெரியுது?"

எழுத்தால் சமூகத்தில் எந்த மாற்றமும் வராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.