லப்டொப்புக்கு ஒரு சத்திரசிகிச்சை

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் வீட்டில், கச்சேரி எனும் மாவட்ட அரச கந்தோரின் கிளாக்கர் சோமசேகரம் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். மனைவியின் லப்டொப்பைத் தன்னைத் தவிர வேறு எவரும் கழற்றித் திருத்தக் கூடாது.

அந்த லப்டொப்பில்தான் பூரணி ஊராரின் கலியாண அழைப்பிதழ்களை அடித்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளாக அதன் ஹாட் டிஸ்க் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் மூச்சை விடலாம்.

"பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள்தானே. அவளிட்டக் காட்டுவம்," என்றாள் பூரணி.

"காட்டினால் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதலிலயிருந்து போடுவாள். உன்ர தமிழ் எழுத்தும் போகும், ஊராற்ற கலியாணமும் போகும். நான் பழசில கிடக்கிறதை அப்படியே புதுசுக்குக் கொப்பி பண்ணி மாத்துவன். ஒண்டையும் திரும்பப் போடத் தேவையில்லை."

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை. இதுக்கு மனம் ஒருநிலைப்பட வேணும்."

கொழும்பிலிருந்து எடுப்பித்த புது டிஸ்க்கைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்துவிட்டு, மனத்தை ஒருநிலைப்படுத்தத் தொடங்கினார்.

ஞாயிறும் வந்தது. குளித்து, திருநீறு பூசி, மேசையைத் துடைத்து, லப்டொப்பைத் திறந்தார்.

"கவனிச்சியே? இண்டைக்குச் சத்தமே இல்லை. ஆர் வந்திருக்கிறது எண்டு அதுக்குத் தெரியும்."

பூரணி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

பெட்டியிலிருந்த டிஸ்க்கை வயரில் கொழுவினார். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. தாலி கட்டும்போதுகூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. "ஓம்," என்று வாயாலும் சொல்லி அழுத்தினார்.

கொப்பி ஊர்ந்தது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. முடியப்போகிற தறுவாயில் துறைமுகத்துக்குள், நீருக்கடியில் ஆள் நுழையாமல் நேவி வழக்கமாகப் போடும் வெடி வெடித்தது. யன்னல் அதிர்ந்தது. அவர் பாய்ந்து லப்டொப்பைக் கட்டிப்பிடித்தார்.

"என்னை ஒருநாளும் இப்பிடிப் பிடிச்சதில்லை," என்றாள் பூரணி, வாசலில் நின்று.

கொப்பி முடிந்தது. உள்ளே இருந்ததைக் கழற்றி, பெட்டி டிஸ்க்கைப் பூட்டி, லப்டொப்பைப் போட்டார். எல்லாம் வந்தது. எழுத்து வந்தது. அழைப்பிதழ் வந்தது. மாப்பிள்ளையின் பேரில் இருந்த பிழைகூட அப்படியே வந்தது.

சோமசேகரம் வேலிக்கு ஓடினார். "நஜ்முன் நிஸா, ஒருக்கா வந்து பாரும். உம்மட பிள்ளையளுக்குப் படிப்பிக்க உதவும்."

அவள் வந்தாள். குனிந்து காது கொடுத்தாள். 'டிக் டிக்.'

"பூரணிக்கா, இது பழசுதானே?"

"பழசை இப்பதான் நான் கழட்டினனான்," என்றார் சோமசேகரம்.

"நீங்கள் கழட்டினது புதுசு," என்றாள் பூரணி. "பொம்பிளை வீட்டுக்காரர் அழைப்பிதழ் உடன வேணுமெண்டு அந்தரப்பட்டவை. நீங்கள் கந்தோருக்குப் போன நேரம் நிஸா வந்து கொப்பி பண்ணி மாத்தித் தந்தவள். ஒண்டும் அழியேல்லை. பழசைப் பெட்டிக்குள்ள போட்டு வைச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கறியில உப்புப் பாக்காமல் ஒரு இடத்தில இருப்பீங்கள் எண்டுதான்."

அவர் குனிந்து தானும் காது கொடுத்தார். 'டிக் டிக்.'

பூரணி தேத்தண்ணியையும் ஸ்குரூ டிரைவரையும் அவர் முன்னால் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் புதுசைத் திரும்பப் பூட்டிவிடுங்கோ. இப்ப உங்களுக்குக் கை பழகியிட்டுதுதானே."