நாய் தெரிந்தெடுத்த ஜீப்பும் நான் தெரிந்தெடுத்த ஜீப்பும்

வாகனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவனிடம் வாகனம் வாங்க யோசனை கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், அவனாவது தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில், நான் அப்படிச் சொல்லவில்லை.

அப்போது பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் பாதி திருத்தியும் பாதி இடிந்தும் கிடந்த ஒரு மாளிகையில் எனக்கு வேலை. முதலாளி ஓய்வுபெற்ற வழக்கறிஞர். ஊரே அவரை 'அவ்வொக்காத்தோ' என்றுதான் கூப்பிடும். தனி மனிதர். சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்குவது எல்லாம் நான்தான். போதாததற்கு அவருடைய வேட்டை நாய் லாம்போவும் என் பொறுப்பு. சுட்டு விழுத்திய காடையைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைக்க அதைப் பழக்க வேண்டும். முற்றத்தில் மஞ்சள் டென்னிஸ் பந்தை எறிவேன். லாம்போ கொண்டுவந்து என் சப்பாத்தின் மேல் வைக்கும். ஆறு மாதம் எறிந்தேன். (இந்தப் பந்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால்தான் இந்தக் கதை.)

ஒருநாள் அவருடைய பழைய கார் மலைப்பாதையில் மூச்சை விட்டது.

"நாயோடை வேட்டைக்குப் போக ஒரு சின்ன ஜீப் வேணும். உமக்கு ஜீப்பைப் பற்றித் தெரியுமோ?" என்று கேட்டார். (அவர் கதைத்தது இத்தாலியன். என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள்.)

"ஓம் சிஞ்ஞோரே. ஊரில மாமாவின்ரை ஜீப்பை நான்தானே ஓடினனான்."

மாமாவிடம் ஜீப் இருந்தது உண்மை. அதை நான் கழுவியதும் உண்மை.

இந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, அந்த மாதக் கடைசியில் முடிகிறது. வேலை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் அதைப் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால்தான், கலியாணம் கட்டி மூன்றாம் கிழமையே விட்டுவிட்டு வந்த என் மனைவி கௌரியைக் கூப்பிடலாம். அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அவரோ, "ஜீப் அலுவல் முடியட்டும், பிறகு கடதாசியைப் பாப்பம்" என்றுவிட்டார். அந்த நேரத்தில் கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய வாகனம் விற்கும் ஒரு வளவு. இரண்டு ஜீப்புகள் நின்றன. ஒன்று பச்சை: நெளிந்த தகரம், அகலமான பின்கதவு, தாழ்வான தளம். கதவைத் திறந்ததும் லாம்போ தானே துள்ளி ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடிவிட்டது. நாயோடு வேட்டைக்குப் போகும் ஜீப்பில் பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். மற்றது சிவப்பு: குட்டை, உயரம், நல்ல மினுக்கம். லாம்போ இரண்டு தரம் பாய்ந்து இரண்டு தரமும் வழுக்கி விழுந்தது.

நான் நாயைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தேன். பச்சையின் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வந்தது.

சீசா என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிவராசா அண்ணையிடம் அன்று பின்னேரமே சொன்னேன். எண்சாத்திரத்தில் புலி அவர். (நான்கு வருடமாக லொத்தர் எடுக்கிறார். ஒன்றும் விழவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

"எட்டோ? உனக்கென்ன விசரே தம்பி? சனியன்ரை நம்பர். அதை வாங்க விட்டியோ, உன்ரை பெர்மெஸ்ஸோவும் போச்சு, கௌரியும் வந்தமாதிரித்தான்."

"அப்ப சிவப்பு?"

"சிவப்பை எடுக்கச் சொல்லு. ஆனா எலுமிச்சம்பழம் வைச்சு மிதிக்காமல் றோட்டில இறக்கப்படாது, கண்டியோ."

அடுத்த நாள் பச்சையின் கியர்பெட்டி சரியில்லை என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன்.

"லாம்போவுக்கு அதுதானே பிடிச்சிருக்கு" என்றார் அவ்வொக்காத்தோ.

"நாய்க்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் சிஞ்ஞோரே?" என்று நான் கேட்டேன்.

சிவப்பு வந்து சேர்ந்தது. ஒரு சின்னச் சடங்கு இருக்கிறது என்றேன். பெருந்தன்மையாகச் சம்மதித்து உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் முன்கண்ணாடியில் திருநீறு பூசி, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் கீழே நாலு பழம் வைத்தேன். சிசிலியில் நம் ஊர்ச் சின்னப் பச்சைத் தேசிக்காய் ஏது? சந்தையில் வாங்கியது நன்றாக முற்றிய, உருண்டையான, மஞ்சள் எலுமிச்சை.

நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு பழம் என் சப்பாத்தின் மேல் இருக்கிறது. லாம்போ பக்கத்தில் குந்தி, எவ்வளவு கெட்டிக்காரன் பார் என்று வாலை ஆட்டுகிறது. பழத்தைத் திருப்பி வைத்தேன். அடுத்ததைக் கொண்டுவந்தது. அவ்வொக்காத்தோ ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். மூன்றாம் முறை நாயின் கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுங்கோ!" என்றேன். ஜீப் அசைந்தது. லாம்போ தலையை ஒரு உதறு உதறியது. பட்டி என் கையில், நாய் சில்லுக்கு முன்னால்.

என் உயிர் போய் வந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாய் காணாமல் போனதைக் கண்டு பதறி, பின்கியரைப் போட்டு ஒரே மிதி. முற்றத்தில் ஒரு காலத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டி இருந்தது. ஜீப் அதில் போய் மோதி நின்றது.

புகைக்குள்ளிருந்து லாம்போ வந்தது. ஒரு கீறலும் இல்லை. பழத்தை என் சப்பாத்தின் மேல் வைத்தது.

அவ்வொக்காத்தோ இறங்கி, நசுங்கிய பின்கதவை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இந்தச் சடங்கு எதுக்கெண்டு சொன்னனீர்?"

"விபத்து வராமல் இருக்க, சிஞ்ஞோரே."

ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். கௌரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று கடதாசியைக் கிழித்தேன். பிறகு கூப்பிட்டார். மேசையில் ஒப்பந்தம் கிடந்தது.

"உம்மை நிப்பாட்டத்தான் நினைச்சனான். ஆனா பின்கதவு இனித் திறவாது எண்டு மெக்கானிக் சொல்லிப்போட்டான். உயரமான முன்கதவாலை முப்பது கிலோ நாயை ஆர் தூக்கி ஏத்திறது?"

கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அதன்பிறகு வேட்டைக்குப் போகும்போதெல்லாம் லாம்போ முன் சீட்டில் ராசா மாதிரி இருக்கும். நான் பின்னால், துவக்குகளுக்கும் செத்த முயல்களுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பேன். (எட்டாம் நம்பர்ப் பச்சையை ஒரு பாதிரியார் வாங்கினாராம். கடைசிவரை அதில் ஒரு கீறல் விழவில்லை.)

ஊருக்கு நான் வேறுமாதிரி எழுதியிருந்தேன். 'துரையோடு ஜீப்பில் முன் சீட்டில் இருந்து வேட்டைக்குப் போகிறேன்.' அடுத்த வருடம் கௌரி வந்து இறங்கினாள். ஸ்தாசியோனே வாசலுக்கு அவ்வொக்காத்தோ தானே ஜீப்பைக் கொண்டுவந்தார். கௌரி காஞ்சிபுரம் சேலையோடு முன்கதவைத் திறந்தாள். லாம்போ அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, றோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதுக்குடித்தனம் பின்னால் சுருண்டு போனது.

போன மாதம் மகள் கார் வாங்கினாள். பழக்கதோஷத்தில் நம்பரைக் கூட்டினேன். எட்டு. வாயைத் திறக்காமல் முன்கதவைப் பிடித்தேன்.

"அது லாம்போன்ரை சீற்," என்றாள் கௌரி. "நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ."

ஏறினேன்.