ஈ மருந்து விற்ற ஈக்காரர்

வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுவான் என்பார்கள். ஈ ஓடிவிடுமே என்று வியாபாரத்தையே ஓட்டிவிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனியில் இருந்தார். அதுவும் ஈ மருந்து விற்கிற வேலையில்!

நாங்கள் இருவரும் நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கு ஒரே பைக்கில் போய் வருவோம். நான் சத்து மருந்து விற்பேன். கோழி எருவில் ஈ பெருகாமல் இருக்கத் தீவனத்தில் கலக்கும் மருந்து அவர் பொறுப்பு. ஆனால் ஒரு கேமராவும், பூச்சியைக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸும் வாங்கிய நாளிலிருந்து மனிதர் ஈயின் கட்சிக்கு மாறிவிட்டார். பண்ணைக்காரர்கள் வைத்த பெயர் ஈக்காரர்.

ஈயின் கண் பளிச்சென்று விழ வேண்டும் என்பது அவர் லட்சியம். விழுந்ததெல்லாம் ஊறவைத்த கறுப்பு உளுந்து மாதிரி ஒரு கலங்கல்.

"ஸ்டாண்டு வெச்சு எடுங்களேன்" என்றேன்.

"ஸ்டாண்ட விரிக்கற வரைக்கும் ஈ என்ன, பஸ்ஸுக்கா நிக்குது?" என்றார்.

கை ஆடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துப் பார்த்தார். ராசிபுரம் டீக்கடையில் வடைத்தட்டின் முன்னால் குந்தி, பிடித்த மூச்சை விட மறந்து மல்லாந்து விழுந்தார். கடைக்காரர் சோடாவோடு ஓடிவந்து, பழக்க தோஷத்தில் துண்டால் வடையையும் விசிறினார். "ஐயோ, ஓட்டாதீங்கண்ணா!" என்று படுத்தபடியே ஈக்காரர் அலற, வடை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கை விரல் நுனியில் வெல்லப்பாகைத் தடவி ஈயை உட்கார வைப்பது. அதே கையின் மணிக்கட்டில் லென்ஸை முட்டுக் கொடுப்பது. "கை ஆடுனா ஈயும் சேந்து ஆடுமுங்க. படம் ஆடாது!"

இதற்குள் அவர் விற்பனை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இந்த மாதமும் ஆர்டர் இல்லையென்றால் ஆந்திராவுக்கு மாற்றல் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் மிஞ்சியிருந்தது மோகனூர் பக்கம் நாங்கள் அதுவரை போகாத ஒரே ஒரு பெரிய பண்ணை.

அங்கே போனால், பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் முன்பே வந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"சோத்துல கை வெக்க முடியலீங்க. அத்தனையும் உங்க பண்ணை ஈ!"

"என்ற பண்ணையில ஈங்கற பேச்சுக்கே எடமில்லீங்கம்மிணி" என்றார் பண்ணைக்காரர்.

ஈயே இல்லாதவரிடம் ஈ மருந்தை எப்படி விற்பது? திரும்பிப் பார்த்தேன். ஈக்காரர் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி, பாகு தடவிய விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். விரலே தெரியவில்லை, அத்தனை ஈ.

"அட, நல்லாப் புடிங்க சாமி!" என்று அந்த அம்மா குதித்தார்.

சாட்சிக்குப் போட்டோ எடுக்க அந்த அம்மாதான் ஆள் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்த பண்ணைக்காரர், பாய்ந்து போய்க் கேமராவைப் பிடுங்கினார். படத்தை அழிக்கப் போனவர், திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். செங்கல் நிறத்தில் இரண்டு கண்கள், சல்லடை மாதிரி கட்டம் கட்டமாக. முதுகில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இது ஈயுங்களா?"

"ஆமாங்க!" ஈக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ ஊர் ஈயைப் புடிச்சுட்டேனுங்க. ஒண்ணுகூட இப்புடி விழுந்ததில்லீங்க. இந்தக் கண்ணென்ன, இந்த வாட்டசாட்டமென்ன..."

பண்ணைக்காரர் மீசையை முறுக்கினார். "பின்னே? என்ற பண்ணை ஈயாச்சுங்களே! நல்லாத் தின்னு வளந்ததுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பண்ணைக்காரர் ஆட்களைக் கூப்பிட்டு எருவை அள்ளச் சொன்னார். நாங்கள் ஈ மருந்துக் கம்பெனி என்று நான் சொன்னதும், மருந்துக்கும் ஆர்டர் சொன்னார்.

ஈக்காரர் பேனாவை எடுக்கவே இல்லை. படத்தில் விழுந்த ஈ இன்னும் அவர் விரலில் பாகு குடித்துக்கொண்டிருந்தது.

"நீங்களே எழுதிருங்க. இதோட புள்ளகுட்டியெல்லாம் போயிருமுங்க. எனக்கு மனசு வரலீங்க" என்றார்.

எழுதினேன். ஆர்டர் எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் போட்டேன். அவர் ஆந்திராவுக்குப் போனால் என் விற்பனை ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க ஈயின் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு வர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?