திறப்பு நாளில் இருந்த ஆடு

அநீதி இழைக்கப்பட்டவள் நான். இழைத்தது எங்கள் ஊரின் முதல் பொது நூலகம். அங்கிருந்த நாற்பதாயிரம் புத்தகங்களையும் மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டார்கள். அவற்றில் ஒன்று, அந்தக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரியின் குறிப்பேடு. எட்டுத் தூண் போதுமான கூடத்தில் ஒன்பதாவது எதற்கு என்ற ரகசியம் அதில்தான் இருக்கிறது. அதுதான் என் ஆய்வேட்டின் உயிர். ஒப்படைக்க இன்னும் பத்தே நாள். அந்தத் தூண்களைப் பற்றி நூலகத்தின் ஆண்டு மலரில் எழுதிப் பரிசு வாங்கியவளுக்கே இந்தக் கதி!

கண்காணிப்பாளரிடம் போனேன். வெறும் அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"மூலநிலை மீட்பு நடக்குதும்மா" என்று சுவரைக் காட்டினார். நூற்றிருபது வருடத்துக்கு முன், திறப்பு விழாவன்று எடுத்த புகைப்படம். "இதுல இருக்கறது இருக்கணும். இல்லாதது இருக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

"புத்தகம்?"

"அன்னிக்கு வந்து சேரலை. கப்பல் மூணு மாசம் லேட்டு."

"நாற்காலி?"

"தச்சர் ஏமாத்திட்டார். அதான் நிக்கறேன்."

"கழிப்பறை?"

அவர் குரல் தணிந்தது. "அது பதினோரு வருஷம் கழிச்சுத்தான் கட்டினாங்க. நான் மத்தியானமே வீட்டுக்குப் போயிடறேன்."

வாசற்படியில் ஓர் ஆடு கத்தியது. கழுத்தில் அடையாள அட்டை.

"படத்துல இடது ஓரம் பாரும்மா. காகிதக் கொடியைத் தின்னுக்கிட்டு நிக்குதா? மூணு தடவை டெண்டர் விட்டோம். வலது காது மட்டும் கறுப்பா இருக்கணும்ல?"

விடுவேனா? "படம் எடுத்தவரே படத்துல இல்லையே சார்! ஆனா அன்னிக்கு இருந்தார்தானே? அப்ப, படத்துல இல்லாததும் இருக்கலாமே!"

மடக்கிவிட்டதாக நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் கை நீட்டினார். வெளியே வெயிலில் ஒருவர் பழங்காலக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"போன மாசம்தான் வேலைக்கு எடுத்தோம். நிரந்தரப் பணி."

வாசலில் கூட்டம் வேறு. புத்தகம் இருந்தபோது எட்டிப் பார்க்காத ஊர், ஆட்டோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டி நின்றது. வரிசையில் என் சித்தி.

"நீ தினம் வர்ற இடம் இவ்ளோ அழகா இருக்கும்னு சொல்லவே இல்லையேடி!"

வீட்டுக்கு வந்த கையோடு மேலிடத்துக்கு மூன்று பக்கப் புகார் எழுதினேன். இந்த முட்டாள்தனமான யோசனையைச் சொன்னவர் யார்? அவர் தகுதி என்ன? அவரிடம் விளக்கம் கேட்டே ஆக வேண்டும்! குறிப்பேடும் வேண்டும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

"அம்மையீர், தங்கள் புகார் கூர்ந்து பரிசீலிக்கப்பட்டது. மேற்படி யோசனையானது, ஆண்டு மலர் பக்கம் நாற்பத்தொன்றில், 'திறப்பு நாளன்று இருந்தபடியே இந்தக் கட்டடத்தை ஒருநாளாவது பார்க்க மாட்டோமா!' எனத் தாங்கள் ஏங்கியிருந்ததிலிருந்து பெறப்பட்டது. தகுதி: முதல் பரிசு. தாங்கள் கோரும் குறிப்பேடு, கப்பல் வந்து சேர்ந்தவுடன் வழங்கப்படும். முட்டாள்தனம் தொடர்பான புகார், விளக்கம் பெறும்பொருட்டு, சம்பந்தப்பட்ட நபருக்கு, அதாவது தங்களுக்கு, இத்துடன் அனுப்பி வைக்கப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் பதிலளிக்கத் தவறினால், குற்றச்சாட்டைத் தாங்கள் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும்."