சிவப்புச் சீட்டுத் தேனீயின் இடது பின்னங்கால்

கணபதி, கோயமுத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அக்கா மகள், பூச்சி ஆராய்ச்சியாளர் லோகப்பிரியா அம்மணிக்குத் தாய்மாமன் லட்சுமணசாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை பழனாத்தாள், மகன் மிதுன் மூவரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். கைகால் என்று எழுதிவிட்டு, கால் என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பெங்களூரில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நலமாகவே இருக்க வேண்டும் என்று கொடுமுடி ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். மிதுன் உன்னிடம் தரும் பையில் டிராயிங் சுருள் ஒன்றும், நூலால் பதினெட்டுச் சுற்றுக் கட்டிய பெட்டி ஒன்றும் இருக்கும். கடிதத்தை முழுதும் படிக்காமல் அந்த நூலை அவிழ்க்காதே. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதல் தப்பு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பனாமா காட்டில் நீ பிடித்த அந்தப் பச்சைத் தேனீ புது இனம் என்று கட்டுரை எழுதியிருப்பதாகவும், இதழுக்காக அதைச் சரிபார்ப்பவர் நிறத்தை மட்டும் வைத்து ஒத்துக்கொள்ள முடியாது, உடம்பில் வேறு வித்தியாசம் காட்டு, கால்களுக்குக் கோட்டுப்படம் கொடு என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் நீ சொன்னபோது, போட்டோவைப் பார்த்து வரைந்து கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். முப்பத்தாறு வருடம் பம்ப் கம்பெனியில் டிராயிங் செக்ஷனை நடத்தியவன் என்ற திமிர் விடவில்லை. பார்ட் கையில் இல்லாமல் படம் போடுகிறவன் இந்த லட்சுமணசாமி இல்லை என்றேன். நீயும் பாவம், அதை நம்பி நான்கு தேனீக்களையும் மைக்ராஸ்கோப்பையும் சுமந்து வந்து வைத்துவிட்டுப் போனாய். போகும்போது வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டே சொன்னாய்: “மாமா, மூணை வெச்சு வரையுங்க. சிவப்புச் சீட்டு குத்துன அந்த ஒண்ண மட்டும் தொட்டுப்போடாதீங்க. இந்த இனத்துக்கு வைக்கப்போற பேருக்கு அதுதானுங்க மாமா சாட்சி. பனாமாக்காரங்களுக்குத் திருப்பித் தரோணும். காஞ்ச அப்பளமாட்ட இருக்கும், பார்த்துக்குங்க.” நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

முதல் ஐந்து நாள் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மேஜையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், எறும்பு ஏறக்கூடாது என்று. பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டேன். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று தோற்றம் வரைந்தேன். உன் அத்தை ஒரு நாள் வந்து லென்ஸில் பார்த்துவிட்டு, இத்தனை நீள நாக்கு எதற்கு என்று கேட்டாள். ஆண் தேனீ ஆர்க்கிட் பூவிலிருந்து வாசனையைத் திரட்டிப் பின்னங்காலில் இருக்கும் கீறல் வழியாக உள்ளே சேர்த்து வைக்கும், கூட்டுக்குத் திரும்பவே திரும்பாது என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். “ஊட்டுக்கு ஒரு சொட்டுத் தேன் கொண்டாராதுங்களா? காலெல்லாம் சென்ட்டுப் பூசிக்கிட்டுத் திரியறதுக்கு உங்க மருமக பனாமா வரைக்கும் போய் ஆராய்ச்சி பண்ணுனாளாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். 

ஆறாம் நாள்தான் சனியன் பிடித்தது. மூன்று தேனீக்களிலும் பின்னங்கால் மயிர் தேய்ந்து போயிருந்தது. வரைய வரைய எனக்குத் திருப்தியில்லை. சிவப்புச் சீட்டுத் தேனீ மட்டும் மெஷினிலிருந்து இறங்கிய புதுப் பீஸ் மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. அன்றைக்கு மாதாந்திர ஷட் டவுன். ஒன்பதிலிருந்து நாலு வரை கரண்ட் கிடையாது. காற்றும் இல்லை, ஜன்னல் வெளிச்சமும் நன்றாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து, குண்டூசியோடு அதைத் தூக்கி அழிரப்பர் மேல் குத்தி நிறுத்திவிட்டேன். தொட்டது குண்டூசியைத்தான், தேனீயை அல்ல என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. நாலு மணிக்கு வரவேண்டிய கரண்ட் இரண்டு மணிக்கே வந்துவிட்டது அம்மணி. இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒரு நாளும் முன்னதாக வராத கரண்ட். மின்விசிறி ஐந்தாம் நம்பரில் இருந்ததை நான் பார்க்கவில்லை. ரப்பரும் ஊசியும் தேனீயும் ஒன்றாகச் சாய்ந்தன. நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் என்று கத்தவும் செய்தேன். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தால் இடது பின்னங்காலைக் காணோம்.

எங்கள் வீட்டு மொசைக் தரையை நீ பார்த்திருக்கிறாய். வீடு கட்டும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பச்சைச் சில்லு போடச் சொல்லி மேஸ்திரியிடம் அடம்பிடித்தது நான்தான். அந்தத் தரையில், ஐந்தாம் நம்பர் காற்றில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் கால் ஒன்று. சத்தம் கேட்டு உன் அத்தை சமையலறை வாசலுக்கு வந்து ஒரு காலை இந்தப் பக்கம் எடுத்து வைக்கப் போனாள். “அசையாத!” என்று நான் போட்ட சத்தத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். மின்விசிறி சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் தரையை மிதிக்க வேண்டும். நானும் அசைய முடியாது, அவளும் அசைய முடியாது, தலைக்கு மேல் காற்று மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் உன் அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன், தாராபுரம் பொங்கியண்ணன், பேத்தி காதுகுத்துக்கு அழைக்க வந்து நிற்கிறார்.

“ஏனுங்க மாப்ள! ஊட்ல ஆருமில்லீங்களா?”

“இருக்கறமுங்க மச்சான். உள்ள வந்துபோடாதீங்க!”

அவர் செருப்பைக் கழற்றிய காலோடு அப்படியே நின்றார். முகம் சுண்டிவிட்டது. பத்திரிகையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, “ஏனுங்க, ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?” என்றார்.

“காலு போயிருச்சுங்க மச்சான்.”

“ஐயையோ! ஆருக்குங்க? சக்கரைங்களா? பழனாத்தாளுக்குங்களா?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா,” என்று ஒற்றைக் காலில் நின்றபடி உன் அத்தை உள்ளேயிருந்து கத்தினாள். “தேனீக்குங்க!”

மச்சான் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, “மாப்ள, நீங்க ரிட்டயர் ஆகி எத்தன வருசமாச்சுங்க?” என்று கேட்டார்.  வெளியே இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தங்கமான மனிதர், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய் அணைத்தார். விசிறி நின்றது. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் தரையோடு தரையாகப் படுத்து, டார்ச்சைக் கிடையாக வைத்து, ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தேன். பம்ப்புக்கு வார்த்த இரும்பில் மேடுபள்ளம் பார்க்கும் முறை அது. சின்னத் துரும்புக்கும் நீள நிழல் விழும். கிடைத்தவை: உன் அத்தை இரண்டு வருடம் முன்பு தொலைத்த கம்மல் திருகாணி, ஒரு பொட்டு, மிதுனின் பென்சில் முனை, செத்த கொசு ஏழு. கால் இல்லை. வியாழக்கிழமைக்குள் திருத்திய கட்டுரை போகாவிட்டால் பிரேசில்காரர்கள் இதே தேனீக்கு முந்திப் பெயர் வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னது காதுக்குள் ஒலித்தது. உன்னுடைய நான்கு வருடக் காட்டு வாழ்க்கை, மலேரியாக் காய்ச்சல், அக்கா உடுமலைப்பேட்டையில் உட்கார்ந்து விட்ட கண்ணீர், எல்லாம் என் வீட்டு மொசைக்கில் போய்விட்டதே என்று நினைத்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, படுத்த வாக்கிலேயே அழுதுவிட்டேன்.

அப்போதுதான் வாசற்படியில் குந்தி உட்கார்ந்திருந்த மச்சான் சொன்னார்: “மாப்ள, அசங்காதீங்க. உங்க எடது முழங்கைக்குப் பக்கத்துல என்னமோ மினுக்குதுங்க. இல்லீங்க, அந்தப் பக்கம். இன்னும் ஒரு விரக்கடை. ஐயோ, கையை ஊனிப்போடாதீங்க!” முழங்கையை அரை அங்குலம் இறக்கியிருந்தால் பொடியாகியிருக்கும். நனைத்த தூரிகை நுனியில் அதை எடுத்தேன். எடுத்து முடிக்கும்வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை. பிறகு உன் அத்தை தூக்கிய காலைக் கீழே வைத்தாள். அது மரத்துப்போயிருந்ததால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மச்சானுக்குக் காபி கொடுத்தோம். மூன்று பேரும் அவசியம் காதுகுத்துக்கு வரவேண்டும், தேனீயைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. தனியாக வந்த அந்தக் காலை மைக்ராஸ்கோப்பில் புரட்டிப் பார்த்தபோது, உடம்போடு ஒட்டியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாத உள்பக்கம் தெரிந்தது. அந்த வாசனைக் கீறலுக்கு ஓரத்தில் குட்டிப் பல் ஒன்று, ரம்பப் பல் மாதிரி, பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நீ அனுப்பிய பழைய கட்டுரைகளில் இருக்கும் நெருங்கிய உறவுக்காரத் தேனீயின் படத்தில் அது இல்லை. ஒரு பீஸை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். பல் டாக்டர் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடி ஒன்றை பம்ப் உள்துளை பார்க்கக் கம்பெனியில் வைத்திருந்தேன், அதை வைத்து மற்ற மூன்று தேனீக்களின் காலுக்குள்ளும் தொடாமல் பார்த்தேன். மூன்றிலும் இருக்கிறது, அதே இடத்தில், அதே சாய்வில். சரிபார்ப்பவர் கேட்ட வித்தியாசம் இதுதானா என்று நீதான் சொல்ல வேண்டும். ஏழாவது படமாகப் போட்டிருக்கிறேன். உடைந்த காலை நான் ஒட்டவில்லை. உன் அத்தையின் சத்து மாத்திரைக் கேப்ஸ்யூல் ஒன்றைக் காலி செய்து, துடைத்து, காலை அதில் போட்டு அதே குண்டூசியில் கோத்திருக்கிறேன். இப்போது நூலை அவிழ்க்கலாம்.

நீ மூன்று முறை போன் செய்து “தேனீ எப்படி இருக்குதுங்க மாமா?” என்று கேட்டாய். மூன்று முறையும் “சௌக்கியமா இருக்குது கண்ணு” என்றேன். அது பொய். மன்னித்துக்கொள். மன்னிக்க முடியாவிட்டால் திட்டு. ஆனால் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே. உன் பெயர் போட்ட கட்டுரை வெளிவந்து, நீ பெயர் வைத்த பூச்சி என்று நான்கு பேர் சொல்லி, நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத தாய்மாமன்,
லட்சுமணசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். “நாலாம் நாளே அந்தக் காலு கழண்டுபோச்சுங்க. அப்படி என்னத்தத்தான் மாமனும் மருமகளும் கும்புடறீங்கன்னு பார்க்கத் தொறந்தேன், தலைப்பு லேசாப் பட்டுச்சு, பொலுக்குன்னு வந்திருச்சு. பொட்டுப் பசையை வெச்சு ஒட்டிப்போட்டேனுங்க. காலக் காணோம்னு நீங்க தேடுன அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீங்க தரையில படுத்து அழுதுட்டு இருந்தீங்களா, வாய் வரலீங்க.” எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை மறுபடி அவிழ்த்து, கால் ஒட்டியிருந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பொட்டுப் பசை இருக்கிறது. அதற்குக் கீழே, தேன் நிறத்தில், நன்றாகக் காய்ந்த பழைய பசை ஒன்றும் இருக்கிறது. அந்த மாதிரிப் பசை எங்கள் வீட்டில் கிடையாது. லேசாகப் பட்டதற்கே கால் ஏன் கழன்றது, அந்த ஒன்றை மட்டும் தொடாதீங்க என்று நீ ஏன் வாசலில் நின்று அத்தனை அழுத்திச் சொன்னாய் என்பதெல்லாம் இப்போது புரிகிறது. நீ ஒட்டியது வேறு தேனீயின் காலோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு நின்றுவிட்டது. இடது காலையும் வலது காலையும் அளந்தேன், மயிரிழை வித்தியாசமில்லை. கால் அதனுடையதுதான், பயப்படாதே. ஆனால் இடது பின்னங்கால் உடைந்தது என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடு. உடைத்தவர்கள் பெயரும் போட வேண்டும் என்றால் மூன்று பேர் பெயரையும் போடு. வரிசைப்படி உன் பெயர்தான் முதலில் வரும்.