அரளிச் செடித் திருநீறும் செதில் சாரும்

ராமேசுவரத்துக்கு எத்தனையோ தடவை போயும் கடலைப் பார்க்காமல் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் செதில் சார்தான். பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியே ஜன்னல் பக்கம் சாயும். அவர் மட்டும் மடியில் ஓர் அரளிக் கிளையை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார்.

ஐம்பதுகளில் ராமநாதபுரத்து விவசாய ஆபீஸ் ஒன்றில் அவர் பூச்சி பார்ப்பவர், நான் குமாஸ்தா. அவருடைய ஜென்மப் பகை செதில் பூச்சி. தண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு, முதுகில் வெள்ளை ஓடு ஒன்றைக் கேடயம் போலக் கவிழ்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே சாறு குடிக்கும் ஜீவன்.

"நகராது, ஒரு வேலை செய்யாது, உறிஞ்சிக்கிட்டே கெடக்கும்லே" என்று அவர் விளக்கும்போது ஏனோ என் நாற்காலியையே பார்ப்பார்.

அதற்கு அவர் வைத்திருந்த மருந்து, கடற்கரையில் மீன் எண்ணெய் வாங்கித் தாமே காய்ச்சிய சோப்பு. அது எப்போதும் பையில் இருக்கும். அவர் தெருவில் நடந்தால் பின்னால் பூனைகள் ஊர்வலம் வரும்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் நானும் அம்மாவும் பெண் பார்க்கக் கூட்டிப்போனோம். எனக்கு அய்யா இல்லை. சபையில் பேச ஒரு பெரிய மனுஷர் வேண்டியிருந்தது. ஏற்கெனவே பல வீடுகளில் என் முகத்தைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லி, சொல்லி அனுப்பாமலே விட்டிருந்தார்கள்.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பெண் வீடு. சுத்த சைவம். போனதும் பெண்ணின் அய்யா பெருமையாகச் சொன்னார்: "கொல்லையில நம்ம அரளிக்கு முருகனே திருநீறு பூசி விட்டிருக்கான். எல எல்லாம் வெள்ளை வெள்ளையா. என்ன, பூக்கத்தான் மாட்டேங்குது."

பெண் காப்பி கொண்டுவந்தாள். ஒரு பார்வைதான். இந்த இடம் மட்டும் தட்டிப் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். 'சார், ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க' என்று கண் ஜாடை காட்டத் திரும்பினேன். சாரைக் காணோம்.

கொல்லையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியில் சோப்பைக் கரைத்து, முருகன் பூசிய திருநீற்றை இலை இலையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன என்னய்யா பண்றீரு?" பெண்ணின் அய்யா அலறினார்.

"குளிப்பாட்டுறேன். திருநீறும் இல்ல ஒண்ணும் இல்ல. அம்புட்டும் பூச்சி."

"அதென்ன வாடை?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வராது. "மீன் எண்ணெய்" என்றார்.

சாமிக்குப் பூப்பறிக்கிற செடியில் மீன்! என் அம்மா எனக்கு முன்பே கிளம்பச் செருப்பைத் தேடிவிட்டாள். இந்தத் தடவை "சொல்லி அனுப்புறோம்" என்றுகூடச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சார் கவலையாக இருந்தார். சரி, வருத்தப்படுகிறாரே என்று நினைத்தேன். "ஏலே, இன்னொரு கழுவு கழுவணுமே. நாளைக்கும் போவமா?" என்றார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் பெண்ணின் அய்யா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் கூடை நிறைய செவ்வரளி.

"கெளை தாங்காமப் பூத்திருக்கு. எங்க அவரு? எலுமிச்சையிலயும் பூச்சி ஏறிருச்சு, வந்து பாக்கணும்." நான் என்று ஒருவன் அங்கே நிற்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு முறை இருமிப் பார்த்தேன்.

செதில் சார் வந்ததும் பெண்ணின் அய்யா குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பொய் வராதுன்னு அன்னைக்கே பாத்துட்டேன். இந்தத் தம்பி எப்பிடி? பொண்ணக் குடுக்கலாமா?"

சார் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை பார்த்தார்.

"தூசி நெறைய இருக்கு" என்றார். "ஆனா பூச்சி இல்ல. தைரியமாக் குடுங்க."

அதற்குப் பிறகு மாலை போட்டு, மைக் வைத்து என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவரைப் போல என்னை அத்தனை கிட்டத்தில் பார்த்துவிட்டு நல்லது சொன்னவர் ஒருவரும் இல்லை.